மாஸ்டா எம்எக்ஸ்-5 தினசரி ஓட்டத்தில்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை (என்ஏ), 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை (என்பி) ஆகிய இரண்டுக்கும் இந்த வழிமுறை பொருந்தும். துணி டாப்பை மடித்துத் திறக்கும் இந்த இரண்டு சீட் காருக்கு ஜப்பானில் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர்தான் வேறு. பானட்டைத் திறந்தால் எல்லாம் ஒன்றே: நீளவாக்கில் உட்கார்ந்த நான்கு சிலிண்டர், இரட்டை கேம், பதினாறு வால்வு, 1.6 அல்லது 1.8 லிட்டர் இன்ஜின், பின்சக்கர இழுவை.

இந்த இன்ஜின் லேசில் சாகாது. சாவதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர்தான்: ஓ-ரிங், ஹோஸ், பூட், சீல், புஷ். அதற்கு அடுத்தபடி மின் தொடுமுனைகள். இன்னொரு சங்கடமும் உண்டு. கோளாறு இருக்கும் இடமும் அது தெரியும் இடமும் பெரும்பாலும் வேறுவேறு. கியர்பாக்ஸுக்கு அடியில் சொட்டும் ஆயில் சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்திலிருந்து வரும். கால் வைக்கும் இடத்தில் ஊறும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னாலிருந்து வரும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் கசிவின் மேல்முனை எது என்று தேடுங்கள்.

தூக்குவது பற்றி ஒரு வார்த்தை. டிராலி ஜாக்கியை முன்னால் கிராஸ்மெம்பரின் நடுவிலும், பின்னால் டிஃபரன்ஷியல் வீட்டிலும் கொடுங்கள். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைத்து நீளமாக ஓடும் அலுமினியச் சட்டத்தில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது வளைந்தால் கியர் லீவரில் தொடங்கி எல்லாமே கோணலாகும். ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போக வேண்டாம். வண்டி தாழ்வானது, தப்பிக்க இடமிருக்காது.

சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’, இன்ஜின் சுற்றவில்லை

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. நன்றாக ஓய்ந்திருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். இன்ஜின் ஓடும்போது 14 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் மேல் பழி போட வேண்டியதில்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் ஒரே ஒரு டக் மட்டும் கேட்கிறது, நாலைந்து முறை திருப்பினால் திடீரென்று சுற்றிவிடுகிறது என்றால் குற்றவாளி செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டு. உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகள் தேய்ந்து, பிளஞ்சர் வந்து மோதினாலும் மின்சாரம் கடப்பதில்லை. உறுதிப்படுத்த, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, சோலனாய்டின் மெல்லிய வயரில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரி வோல்டேஜுக்கு அருகில் வந்தும் டக்கோடு நின்றால் தொடுமுனைதான். முழு மோட்டாரையும் மாற்றத் தேவையில்லை. தொடுமுனைகள் தனியாகக் கிடைக்கும். ஆனால் மோட்டார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கழற்றுவதுதான் பாதி நாள் வேலை, பழுது பார்ப்பது இருபது நிமிடம். டக் சத்தமே வரவில்லை என்றால் கிளட்ச் மிதியின் சுவிட்சைப் பாருங்கள். பல நாட்டு மாடல்களில் கிளட்சை முழுதாக மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்.

பேட்டரி மாற்றும்போது சீல் வைத்த ஏஜிஎம் வகை, அல்லது வாயு வெளியேறக் குழாய் பொருத்தும் வசதியுள்ள வகை மட்டுமே வாங்குங்கள். சாதாரண ஆசிட் பேட்டரியை மூடிய டிக்கியில் வைத்தால் அதன் ஆவி சுற்றியுள்ள தகரத்தைத் தின்றுவிடும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரித் தட்டுக்கு அடியில் ஓட்டை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

முதலில் காதைத் தீட்டுங்கள். வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் ‘விர்ர்’ என்று சுற்றுகிறதா? அப்படியானால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்து, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது உள்ளே கேம் நகர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். என்ஏ இன்ஜின்களில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வை இடிக்காது. புது பெல்ட் போட்டு டைமிங் வைத்தால் மறுபடி ஓடும். அதற்காக அறும்வரை விட வேண்டாம். 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அப்போதே வாட்டர் பம்ப், டென்ஷனர், கேம் சீல், கிராங்க் முன்சீல் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடுங்கள். அத்தனையும் அதே மூடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

சுற்றும் சத்தம் வழக்கம்போல் இருந்தால் அடுத்த கேள்வி: பெட்ரோல் வருகிறதா? என்ஏ வண்டியின் பானட்டுக்குள் ‘டயக்னாசிஸ்’ என்று எழுதிய சின்ன கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியின் உட்புறம் எந்தத் துளை எது என்று அச்சடித்திருப்பார்கள். எஃப்-பி, ஜி-என்-டி இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து இக்னிஷனை ஆன் செய்தால் பெட்ரோல் பம்ப் ஓடும். டேங்க் பக்கம் முனகல் கேட்கிறதா என்று கவனியுங்கள். இப்படி இணைத்த பிறகு இன்ஜின் பிடித்துக்கொண்டால் பம்ப் நல்லது. அதற்கு ஆணையிடும் பாதையில் கோளாறு.

என்ஏயின் 1.6 இன்ஜினில் இதற்கென்றே ஒரு தனிக் குணம் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்துவிடும். செல்ஃப் சுற்றும்வரை பம்புக்கு ஒரு வழியில் மின்சாரம் வருகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியபின், உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவியான காற்று அளவியின் உள்ளே இருக்கும் கதவு திறந்தால்தான் பம்ப் ஓடும். அந்தக் கதவின் சுவிட்ச் கெட்டாலோ, அளவிக்கும் திராட்டில் பாடிக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாய் பெரிதாகக் கிழிந்து காற்று குறுக்கு வழியில் நுழைந்தாலோ கதவு திறக்காது, பம்ப் நின்றுவிடும். அளவியை மாற்ற ஓடுவதற்கு முன் குழாயைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். கிழிசல் எப்போதும் மடிப்பின் அடிப்பக்கம்தான், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஏற்றத்தில், பாரம் ஏறும்போது தடுமாறுகிறது. வெறுமனே ஓட்டினால் ஒன்றுமில்லை

மூன்றாவது, நான்காவது கியரில் 3,000 ஆர்பிஎம் பக்கம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் விக்கல் எடுப்பதுபோல் வெட்டினால், பத்தில் எட்டு முறை பிளக் வயர்தான். பாரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பழைய வயர் அதைத் தாங்காமல் பக்கத்து இரும்புக்குப் பொறியை விட்டுவிடும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, வயர்கள்மேல் நுண்ணிய தண்ணீர்ப் புகையைத் தெளித்தால் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் தூர வையுங்கள்.

பிளக்குகளையும் கையோடு கழற்றிப் பாருங்கள். என்ஜிகே பிகேஆர்5இ-11 அல்லது பிகேஆர்6இ-11 போடுவது வழக்கம். கடைசியில் வரும் 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளியைக் குறிக்கும். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வயரை மட்டும் மாற்றிப் பயனில்லை, சில மாதத்தில் புது வயரின் பூட்டும் ஊறிவிடும். கேம் கவர் கேஸ்கெட்டை மாற்றுங்கள். அரைவட்டம் வரும் மூலைகளில் மட்டும் சிறிது சீலன்ட் தடவினால் போதும்.

இரண்டு சிலிண்டர் ஒன்றாகப் போய்விட்டால் காயில். ஒரு காயில் 1, 4 சிலிண்டர்களுக்கும், இன்னொன்று 2, 3 சிலிண்டர்களுக்கும் பொறி தருகிறது. அதனால் ஒரு காயில் செத்தால் வண்டி பாதி பலத்தோடு, டிராக்டர்போல் அதிரும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் காயிலை முதலில் சந்தேகப்பட வேண்டாம். பிளக், வயர், இன்ஜெக்டர் என்ற வரிசையில் போங்கள்.

உயர் ஆர்பிஎம்மில் மட்டும், கழுத்தைப் பிடித்ததுபோல் மெல்ல வலு குறைந்தால் அது வேறு கதை: பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு. என்ஏயில் வண்டிக்கு அடியில், பின்பக்கம் ஒரு மூடித் தகட்டுக்குள் இருக்கிறது. கண்ணில் படாததால் பலரும் மாற்றுவதே இல்லை.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, நிறுத்தத்தில் அணைகிறது

சூடான பிறகு 850 ஆர்பிஎம், கூடக்குறைய 50. இதுதான் சரியான அளவு. இதைவிட்டு ஆடினால் முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். மேலே சொன்ன ரப்பர்க் குழாய், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி ஹோஸ். 1.6 இன்ஜினில் ஆயில் மூடி சரியாக மூடாததும், டிப்ஸ்டிக் முழுதாக இறங்காததும்கூட இதே ஆட்டத்தைக் காட்டும். அளவியைத் தாண்டி நுழையும் காற்று எதுவானாலும் இன்ஜினை நடத்தும் கணினிக்குத் தெரியாது.

கசிவு இல்லையென்றால் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கென்று உள்ள கிளீனரைத் துணியில் நனைத்து, பட்டாம்பூச்சி வால்வின் விளிம்பில் படிந்த கறுப்பைத் துடைத்தெடுங்கள். ஏசி போட்டதும், ஹெட்லைட் போட்டதும் இன்ஜின் சரிந்து அணையப் பார்த்தால் ஐடில் காற்று வால்வு பிசினாகியிருக்கிறது.

ஐடில் திருகைத் தொடுவது கடைசி வேலை. தொடுவதானால் முறைப்படி: இன்ஜின் நன்றாகச் சூடாக, விளக்கும் ஏசியும் அணைந்திருக்க, டயக்னாசிஸ் பெட்டியில் டி-இ-என், ஜி-என்-டி இரண்டையும் இணைத்த பிறகுதான் திருக வேண்டும். இணைக்காமல் திருகினால் கணினி தன் பங்குக்கு எதிர்ப்பக்கம் திருத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் வைத்தது நிற்காது.

இதே இணைப்பை இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆன் செய்து கொடுத்தால், செக் இன்ஜின் விளக்கு கண்சிமிட்டிக் கோட் சொல்லும். நீளச் சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று. 02, 03 வந்தால் கேம் ஆங்கிள் சென்சார், 08 காற்று அளவி, 09 கூலன்ட் சென்சார், 15 ஆக்சிஜன் சென்சார். விளக்கே இல்லாத மாடல்களும் உண்டு. சரிசெய்தபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பிரேக் மிதியை 20 விநாடி மிதித்துப் பிடித்தால் பழைய கோட் அழியும். என்பி என்றால் ஓபிடி ஸ்கேனர் போட்டுப் படித்துவிடலாம்.

கிளட்ச் மிதி தரையோடு போகிறது. முதல் கியர், ரிவர்ஸ் கறகறக்கிறது

கிளட்ச் தட்டு போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கிவிடாதீர்கள். இந்த வண்டியில் கிளட்ச் தட்டைவிட அதை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர்தான் அடிக்கடி போகும். மிதியை ஐந்தாறு முறை வேகமாக மிதித்துப் பாருங்கள். மிதித்த கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தால் தட்டு நல்லது, ஹைட்ராலிக்தான் கெட்டது.

ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் மணியின் (கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்) வலப்பக்கம், இரண்டு போல்ட்டில் நிற்கிறது. அதன் ரப்பர் பூட்டை விரலால் லேசாக விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அத்தோடு சோதனை முடிந்தது. சீல் மட்டும் மாற்றும் கிட் உண்டு. ஆனால் உள்சுவரில் குழி விழுந்திருந்தால் புது சீலும் சில மாதத்தில் கிழியும். முழு சிலிண்டரை மாற்றுவதே உத்தமம். கூடவே அதற்குப் போகும் ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். பழைய ஹோஸ் மிதிக்கும்போது பலூன்போல் உப்பி, பாதி அழுத்தத்தைத் தின்றுவிடும்.

ஸ்லேவ் மாற்றிய சில வாரத்தில், மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் கசியத் தொடங்குவது இந்த வண்டியில் சகஜம். கிளட்ச் மிதியின் தண்டு சுவருக்குள் நுழையும் இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள்.

காற்று எடுப்பது: டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே மிதியை விட வேண்டும். கிளட்சுக்குத் தனி டப்பா, சின்னது. நாலைந்து முறைக்கு ஒரு தடவை நிரப்பாவிட்டால் காலியாகி, மறுபடி முதலிலிருந்து.

கியர் லீவர் பக்கம் சூடு, சத்தம், ஆயில் நாற்றம்

லீவரைச் சுற்றி மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ரப்பர் பூட். கீழ்பூட் கிழிந்தால் கியர்பாக்ஸின் சூடும் இரைச்சலும் நேராக உள்ளே வரும். லீவர் உட்காரும் குழியில் சொந்தமாகக் கொஞ்சம் கியர் ஆயில் இருக்க வேண்டும், சுமார் 80 மில்லி. அது வற்றினால் லீவர் மணலில் உரசுவதுபோல் இருக்கும். கன்சோலைக் கழற்றி, லீவரை மேலே உருவி, அடியிலுள்ள நைலான் புஷ்ஷையும் மாற்றி, ஆயில் ஊற்றி, இரண்டு பூட்டையும் புதிதாகப் போடுங்கள். ஒரு மணிநேர வேலை. முடிந்ததும் கியர்பாக்ஸே புதிது போட்டதுபோல் கை சொல்லும். இந்த வண்டியில் செலவுக்கு இத்தனை பலன் தரும் வேலை வேறெதுவும் இல்லை.

குளிரில் இரண்டாவது கியர் மட்டும் முரண்டு பிடித்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், சூடானதும் சரியாகிவிடும். சூடான பிறகும் கறகறத்தால் ஆயிலை மாற்றிப் பாருங்கள். ஐந்து கியர் பெட்டிக்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-4, 2 லிட்டர். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. இரண்டையும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-5 ஆயிலின் சேர்மங்கள் கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோவுக்கு (கியர் மாறும்போது வேகத்தைச் சமன்படுத்தும் வளையம்) ஒத்துவராது. வடிப்பதற்கு முன் நிரப்பும் திருகு திறக்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

கியர்பாக்ஸ் மணிக்கு அடியில் ஆயில் சொட்டு

பார்ப்பவர் எல்லாரும் கிராங்க் பின்சீல் என்பார்கள். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்குவதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்து சிலிண்டர் ஹெட்டின் பின்முனையைப் பாருங்கள். என்ஏயில் அங்கே கேம் ஆங்கிள் சென்சார் ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட்டில் நிற்கிறது. அதன் ஓ-ரிங் வருடக்கணக்கில் வெந்து, கல்லாக இறுகி, ஆயிலை விடும். அந்த ஆயில் ஹெட்டின் முதுகு வழியாக இறங்கி, மணியின் அடியில் பின்சீல் கசிவுபோலவே வேஷம் போடும்.

சென்சார் சுழலும் தன்மையுடையது, அதுதான் இக்னிஷன் டைமிங்கைத் தீர்மானிக்கிறது. ஆகவே போல்ட்டைத் தளர்த்தும் முன் சென்சாரின் உடலிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். பிறகு உருவி, பழைய ஓ-ரிங்கை மரக்குச்சியால் நெம்பி எடுத்து, புதியதை ஆயிலில் நனைத்துப் போட்டு, கோட்டுக்குக் கோடு சேர்த்து இறுக்குங்கள். உள்ளே உட்கார மறுத்தால் தட்டி ஏற்றாதீர்கள். தண்டை அரைச் சுற்று திருப்பினால் இறங்கும். டைமிங் லைட் இருந்தால் டி-இ-என் இணைத்து 10 டிகிரி இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இதைத் தள்ளிப்போட்டால் வரும் வினை ஆயில் குறைவதோடு நிற்காது. சொட்டும் இடத்துக்கு நேர் கீழே ஹீட்டர் ஹோஸ்கள் ஓடுகின்றன. ஆயிலில் ஊறிய ஹோஸ் மெத்தென்று உப்பி, ஒருநாள் ஓடும்போதே வெடிக்கும். ஓ-ரிங் மாற்றும் அன்றே அவற்றை நசுக்கிப் பாருங்கள்.

டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுகிறது

தாண்டினால் உடனே நிறுத்துங்கள். இந்த முள் பரந்த ஒரு வெப்ப வரம்புக்குள் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும்படி செய்யப்பட்டது. நகர்ந்துவிட்டது என்றாலே விஷயம் முற்றிவிட்டது என்று பொருள். மேலும், தண்ணீர் முழுதாக வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு பொய் சொல்லும். ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள், சூட்டுக்குப் பதில் குளிர்காற்று வந்தால் கூலன்ட் இல்லை.

ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு. வயதாக ஆகப் பச்சை கலந்த மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். பழுப்பு நிறம் வந்துவிட்டால் கசிவு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அடுத்து அது மேல்விளிம்பில் நூலாகப் பிளக்கும், பெரும்பாலும் நெரிசலில்.

ஓடும்போது சரி, நின்றால் மட்டும் சூடு என்றால் விசிறி. என்ஏயில் டயக்னாசிஸ் பெட்டியில் டி-எஃப்-ஏ, ஜி-என்-டி இணைத்து இக்னிஷன் ஆன் செய்தால் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் நல்லவை, தெர்மோஸ்டாட் அருகிலுள்ள சுவிட்சை மாற்றுங்கள். நின்றால் சரி, வேகத்தில் சூடு என்றால் விசிறியை விட்டுவிட்டு ரேடியேட்டர் அடைப்பையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டு கழன்று தொலைந்திருந்தாலும் இதே அறிகுறிதான்; அது இல்லாவிட்டால் முன்னாலிருந்து வரும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் அடிவழியே நழுவிவிடும். வேலை தெரிந்தவர்களே அதை ‘தேவையில்லாத தட்டு’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

கூலன்ட் மொத்தம் 6 லிட்டர், பாதிக்குப் பாதி. நிரப்பும்போது மூக்கை மேலே தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் ஓடவிட்டால் காற்றுக்குமிழி வெளியேறும்.

மேலே ‘டிக் டிக்’

என்ஏயில் வால்வுகளைத் தூக்குவது ஹைட்ராலிக் லிஃப்டர். நின்றிருந்த வண்டியில் ஆயில் இறங்கிவிடுவதால் காலையில் சில நிமிடம் தட்டுவது இயல்பு. சூடான பிறகும் தொடர்ந்தால் ஆயில் அளவைப் பாருங்கள், பிறகு புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, 3,000 ஆர்பிஎம் பக்கம் நீண்ட தூரம் ஒருமுறை ஓட்டுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டாலும் காதுக்குத்தான் தொல்லை, இன்ஜினுக்கு இல்லை. என்பியில் ஹைட்ராலிக் இல்லை, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்த திடமான பக்கெட். அதனால் என்பியில் டிக் கேட்டால் வால்வு இடைவெளி அல்லது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்.

கிராங்க் புல்லி தள்ளாடுகிறது

இது ஒன்றுதான் இந்த வண்டியில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது. ஏறத்தாழ 1991 நடுப்பகுதி வரையிலான 1.6 இன்ஜின்களுக்கு மட்டும். அவற்றில் கிராங்க் முனை குட்டை. முன்புல்லியில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் பிந்தைய நீள முனை.

குட்டை முனையில் போல்ட் சரியாக இறுக்கப்படாவிட்டால், புல்லியைக் கிராங்கோடு பூட்டும் சின்ன உலோகச் சாவி தன் காடியில் ஆடி ஆடி அதை அகலப்படுத்தும். அப்போது டைமிங் பின்தங்கும், வலு குறையும், இன்ஜின் ஓடும்போது புல்லி கண்ணுக்குத் தெரியத் தள்ளாடும். தள்ளாட்டம் தெரிந்த நாளிலேயே ஓட்டுவதை நிறுத்துங்கள். காடி லேசாகத் தேய்ந்திருந்தால் உலோகம் நிரப்பும் லாக்டைட் பசையும் புதுச் சாவியும் புது போல்ட்டும் போட்டுக் காப்பாற்றலாம், மோசமாகிவிட்டால் கிராங்கையே மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றும்போது பழைய போல்ட்டையே மறுபடி போட்டு, கைக்கணக்கில் இறுக்குவதுதான் இந்த நோயின் வேர். இதற்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம்.

100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது

சுமார் ஒரு டன் எடையுள்ள வண்டி. கனமான காரில் தெரியாத பத்து கிராம் வேறுபாடு இதில் கையில் தெரியும். 95 முதல் 110 வரை மட்டும் நடுங்கி, அதைத் தாண்டினால் அடங்கினால் வீல் பேலன்சிங். வேறு வண்டியின் வீல் போட்டிருந்தால் நடுத்துளையைப் பாருங்கள், ஹப் 54.1 மி.மீ. துளை பெரிதாக இருந்தால் சென்டரிங் வளையம் இல்லாமல் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது.

வண்டி பள்ளத் தடங்களில் அலைபாய்ந்தால் முதலில் டயர் காற்று. என்ஏயின் 185/60ஆர்14 டயருக்கு 26 பிஎஸ்ஐ. காற்றடிக்கும் இடத்தில் பழக்கதோஷத்தில் 32, 35 என்று ஏற்றிவிடுவார்கள். துள்ளல் முழுக்க அதனால்தான் இருக்கும். அது சரியாக இருந்தும் அலைந்தால் அலைன்மென்ட், ஓட்டுநர் எடை சீட்டில் இருக்கும்போது. சக்கரக் கோணத்தைச் சரிசெய்ய நான்கு மூலையிலும் உள்ள எக்சென்ட்ரிக் போல்ட்கள் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முந்தைய வாரமே ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஊறவிட்டால் அலைன்மென்ட் நாளில் போல்ட் அறாது. மேடுபள்ளத்தில் ‘டொக் டொக்’ என்றால் ஸ்டெபிலைசர் லிங்க். வேகத்தோடு கூடி, வளைவில் ஏறி இறங்கும் ‘ஊம்’ என்றால் வீல் பேரிங்.

ஹேண்ட்பிரேக் மேலே மேலே வருகிறது. ஒரு பின்சக்கரம் மட்டும் சூடு

சூடான சக்கரத்தில் காலிபரின் சறுக்கு ஊசிகள் இறுகியிருக்கும். கழற்றி, துருவைத் தேய்த்து, பிரேக் கிரீஸ் தடவி, பூட் மாற்றுங்கள். ஹேண்ட்பிரேக்கை கேபிளில் இறுக்கிச் சரிசெய்வது தவறு. பின்காலிபரின் பின்புறம் ஒரு மூடி போல்ட் உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ நுழையும். பேட் டிஸ்கைப் பிடிக்கும்வரை வலப்பக்கம் திருப்பி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். இரண்டு பக்கமும் முடித்தபின் லீவர் ஐந்து முதல் ஏழு ‘டிக்’கில் நிற்க வேண்டும்.

புது பேட் போடும்போதும் இதே ஆலன் கீயை இடப்பக்கம் திருப்பித்தான் பிஸ்டனை உள்ளே அனுப்ப வேண்டும். சி-கிளாம்ப் போட்டு நசுக்கினால் உள்ளிருக்கும் திருகு உடையும், காலிபர் குப்பைக்குத்தான்.

மழைக்குப் பின் கார்ப்பெட் ஈரம்

டாப் துணி கிழிந்திருக்கிறதா என்று தேடிக் களைத்துப் போவார்கள். துணிமேல் விழும் தண்ணீர் பின்விளிம்பில் ஒரு தாழ்வாரத்தில் சேர்ந்து, சீட் பெல்ட் தூண்களுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் வடிகுழாய் வழியே இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். இலைச் சருகும் மண்ணும் அந்தக் குழாயை அடைத்தால் தண்ணீர் வழிந்து சீட்டுக்குப் பின்னாலும், அங்கிருந்து கால் வைக்கும் இடத்துக்கும் போகும். கூடவே கதவுக்கு அடியில் ஓடும் சில் என்ற தகரப் பெட்டிக்குள்ளும் இறங்கும். கார்ப்பெட் காய்ந்துவிடும். சில் உள்ளிருந்து துருப்பிடித்து, பின்சக்கர வளைவுக்கு முன்னால் பெயின்ட் கொப்பளிக்கும்போதுதான் தெரியும்.

சோதனை சுலபம். டாப்பைப் பாதி தூக்கி, ஒவ்வொரு துளையிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய வேகத்தில் அடியில் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் நுனி மழுங்கிய, வளையும் பிளாஸ்டிக் குழாயை நுழைத்து மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கம்பி வேண்டாம், குழாயைக் குத்திக் கிழிக்கும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். குழாய் அடிமுனையிலிருந்து கழன்றுவிட்டால் அதன்பின் வரும் தண்ணீர் எல்லாம் சில்லுக்குள்தான். வருடத்துக்கு இரண்டு முறை செய்தால் போதும், மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை.

என்பி வைத்திருப்பவர்கள் இன்னோர் இடத்தையும் தட்டிப் பாருங்கள். முன் சஸ்பென்ஷன் அருகே பெட்டிபோல் மடித்த சேஸிஸ் கால்கள் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டும்போது ‘டங்’ என்பதற்குப் பதில் ‘தொப்’ என்றால் வெல்டிங் வேலை காத்திருக்கிறது.

டிக்கியில் மட்டும் தண்ணீர் என்றால் பின்விளக்கு கேஸ்கெட், மூன்றாவது பிரேக் விளக்கு கேஸ்கெட், ஆன்டெனா அடியிலுள்ள ரப்பர். ஒருவரை டார்ச்சோடு உள்ளே பார்க்கச் சொல்லி, வெளியே ஹோஸைக் கீழிருந்து மேலாகப் பிடியுங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கே நுழைந்தது என்று பிரித்தறிய முடியாது.

சில்லறைகள்

பவர் விண்டோ ஆமைபோல் ஏறினால் மோட்டாரை மாற்றாதீர்கள். ரப்பர்த் தடத்தில் சிலிக்கான் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கதவுக்குள் கேபிளின் பிளாஸ்டிக் புஷ் பொடிந்திருக்கும்.

என்ஏயின் பிளாஸ்டிக் பின்கண்ணாடி குளிரில் மடித்தால் வெடிக்கும். டாப்பை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து கண்ணாடியைத் தட்டையாகப் படுக்க வைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

என்ஏயின் ஹெட்லைட் ஒன்று எழுந்து மற்றது படுத்தே இருந்தால், இரவில் வீடு போய்ச் சேர வழி இது: ‘ரிட்ராக்டர்’ ஃபியூஸை முதலில் உருவுங்கள், கை உள்ளே இருக்கும்போது மோட்டார் திடீரென்று சுற்றினால் விரல் போகும். பிறகு மோட்டாரின் முனையிலுள்ள ரப்பர் தொப்பியைக் கழற்றினால் ஒரு திருகுக் குமிழ் தெரியும். அதை வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள், விளக்கு முழுதாக எழும்வரை. எழுந்ததும் ஃபியூஸைத் திருப்பிப் போட வேண்டாம். போட்டால் விளக்கு மறுபடி படுத்துவிடக்கூடும்.